சாப்பிட்ட பின் இரண்டு மணி நேரம்

நாலாவது இட்லியின் கடைசித் துண்டை விழுங்கியபோது மணி எட்டு இருபத்தைந்து. அதிலிருந்து சரியாக இரண்டு மணி நேரம், பத்து இருபத்தைந்துக்கு மறுபடியும் ரத்தம் எடுப்பாங்க, அதுவரைக்கும் காபி குடிக்கக் கூடாது, மாடி ஏறக் கூடாது, சும்மா உட்கார்ந்திருங்க மேடம் என்று சொல்லி எங்கள் இருவரின் முழங்கைப் பஞ்சையும் ஒருமுறை அழுத்திவிட்டுப் போனாள் அந்த நர்ஸ் பெண். சும்மா உட்கார்ந்திருப்பது எனக்கு வராது. இருபத்தேழு வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் விலங்கியல் நடத்துகிறவள், நின்றுகொண்டே இருந்தால்தான் என் மூளை ஒழுங்காக இருக்கும், உட்கார்ந்தால் எங்காவது கிளம்பிப் போய்விடும். இந்திரா அப்படியில்லை. உட்கார்ந்த ஐந்தாவது நிமிஷம் என் தோளில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டாள். விடியலில் சாத்தூரிலிருந்து முதல் பஸ் பிடித்து, வெறும் வயிற்றோடு மதுரைக்கு வந்தவள். தலையில் தேங்காயெண்ணெய் வாசம். அவள் கழுத்து என் தோளில் படுகிற இடத்தில் மெதுவாக ஒரு துடிப்பு, அது அவளுடையதா என்னுடையதா என்று தெரியவில்லை, எண்ணிப் பார்க்கிறேன், பன்னிரண்டு வரை போய் விட்டுப்போகிறது. எதிரே சுவரில் ஒரு இதயத்தின் படம், சிவப்பும் நீலமுமாக, அதன் கீழே உட்கார்ந்திருக்கிற ஒரு அம்மாள் எங்களையே பார்க்கிறார். அவர் என்ன கேட்கப்போகிறார் என்று எனக்குத் தெரியும். உங்க அக்காவா? காலையில் அந்த நர்ஸ் பெண்ணும் அதைத்தான் கேட்டாள். அக்காதான், பதினோரு நிமிஷம் மூத்தவள் என்று சொன்னேன். அவள் சிரித்துவிட்டு இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள், பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். ஒரே கருவிலிருந்து பிரிந்தவர்கள் நாங்கள். எட்டாம் வகுப்பில் இவளுடைய கணக்குப் பரீட்சையை நான் எழுதியிருக்கிறேன், வாத்தியாருக்குக் கடைசிவரை தெரியாது. இப்போது பஸ்ஸில் எனக்கு யாரும் எழுந்து இடம் கொடுப்பதில்லை, இவளுக்குக் கொடுக்கிறார்கள். ஐம்பத்தோரு வயது இருவருக்கும். இவளுடையது எப்படி அறுபதைத் தாண்டிப் போனது, என்னுடையது எப்படி நாற்பத்தைந்தில் நின்றுகொண்டிருக்கிறது, அதைத்தான் இந்த ஆய்வுக்காரர்கள் தெரிந்துகொள்ள விரும்புகிறார்கள், அதற்குத்தான் இட்லியும் ரத்தமும்.

நானூறு ஜோடி வேணும் மேடம் என்றார் டாக்டர் நிலோஃபர். ஆய்வை நடத்துகிறவர் அவர்தான், முப்பது வயதுகூட இருக்காது, என் மாணவிகளில் ஒருத்தியைப் போல இருக்கிறார். இரட்டைப் பிள்ளைங்களா, ஒரே அச்சா இருக்கணும், ஒருத்தருக்கு இதயத் தமனியில அடைப்பு வந்திருக்கணும், இன்னொருத்தருக்கு வந்திருக்கக் கூடாது, அப்படி ஜோடி கிடைக்கிறது குதிரைக்கொம்பு. இந்திராவுக்குப் போன ஐப்பசியில் வந்தது. சட்டியில் குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தவள் தாடை வலிக்கிறது, பல்வலி போல என்று சொல்லி உட்கார்ந்திருக்கிறாள், உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. ஸ்டென்ட் வைத்து மீட்டெடுத்தார்கள். அந்தப் போன் வந்தபோது நான் ஆசிரியர் அறையில் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். முதலில் என் கை போனது என் நெஞ்சுக்கு. தங்கை பதறினாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். நான் பதறியது எனக்காக. அவளுக்கு வந்தால் எனக்கும் வரும், அதே மரபணு, அதே எழுத்து, எழுத்துப்பிழை இருந்தால் இரண்டு பிரதியிலும் இருக்கும். நான் வகுப்பில் அப்படித்தான் நடத்தினேன், வருஷா வருஷம், சாக்பீஸால் டி.என்.ஏ. ஏணி வரைந்து. அதைத்தான் நிலோஃபர் இன்று காலை பொறுமையாகக் கலைத்துப் போட்டார். எழுத்து ஒண்ணுதான் மேடம், அதுல மாற்றமில்ல. ஆனா எழுத்துக்கு மேல மீத்தைல்னு குட்டி குட்டியா ஒண்ணு போய் ஒட்டிக்கும். ஒட்டின இடத்துல அந்த மரபணு பெரும்பாலும் வேலையைக் குறைச்சிக்கும். வீட்ல பத்துக் குழாய் இருக்குன்னு வச்சுக்கோங்க, சிலதை யாரோ இறுக்கி மூடிட்டாங்க, சிலதைத் திறந்து விட்டுட்டாங்க, வீடு அதே வீடுதான். இந்திரா உடனே கேட்டாள், யாரும்மா மூடுறது? புகைதான் பெரிய கை, பீடி, சிகரெட், அப்புறம் சுகர், பிரஷர், கொழுப்பு, மனக்கஷ்டம், நீங்க வயித்துல இருந்தப்போ உங்கம்மா என்ன சாப்பிட்டாங்க என்பது வரைக்கும். எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் குறி வைக்குது. எங்க அம்மாவா, என்று இந்திரா சிரித்தாள், நாங்க வயித்துல இருந்த வருசம் மழையே இல்லையாம், கம்பங்கூழும் முருங்கைக்கீரையும்தானாம், அதை ரெண்டு பேரும் பங்கு போட்டுத்தான் குடிச்சோம்.

சிரித்துக்கொண்டேதான் அடுத்ததையும் சொன்னாள். எந்த வயசுவரைக்கும் ஒரே வீட்ல இருந்தீங்க என்று நிலோஃபர் கேட்டார். பதினேழு. அப்புறம் ஏன் பிரிஞ்சீங்க? சீட்டுப் போட்டோம்மா, என்றாள் இந்திரா. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து, பேச்சும் போயி படுத்துட்டாரு, அம்மாவுக்குச் சத்துணவுக் கூடத்துல சமையல் வேலை, அதை விட முடியாது, ஒருத்தி வீட்ல இருக்கணும், ஒருத்தி காலேஜுக்குப் போகலாம். சீட்டுப் போட்டதுல இவளுக்குக் காலேஜ் விழுந்துச்சு, எனக்கு அப்பா விழுந்தாரு. நிலோஃபர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார், முகம் மலர்ந்துவிட்டது. சீட்டா? நிஜமாவா? யாருமே தேர்ந்தெடுக்காம, தானா அமைஞ்ச பிரிவு. இது எவ்வளவு அபூர்வம் தெரியுமா? மத்த ஜோடியில எல்லாம் கொஞ்சம் பலமா இருந்த பிள்ளை வெளிய போயிருக்கும், நோஞ்சான் வீட்ல இருந்திருக்கும், எது எதனாலன்னு பிரிக்கவே முடியாது. உங்க விஷயத்துல யாரும் தேர்ந்தெடுக்கல. குனிந்து எழுதினார். பேனா ஓடுகிற சத்தம் கேட்டது. யாரும் தேர்ந்தெடுக்கல. அந்த இடத்தில்தான் நான் நின்றுவிட்டேன், ஒன்றரை மணி நேரமாக அங்கேயேதான் நிற்கிறேன், கழுத்து ஸ்கேன் எடுத்தபோதும், ஊசி ஏறியபோதும், இட்லியைப் பிட்டபோதும். யாரும் தேர்ந்தெடுக்கல. சட்னியில் உப்பு தூக்கல். யாரும் தேர்ந்தெடுக்கல.

மின்விசிறி சுற்றுகிறது. இந்திராவின் மூச்சு சீராக வருகிறது, வாய் லேசாகத் திறந்திருக்கிறது. கழுத்து ஸ்கேன் எடுக்கிற அறை இருட்டாக, குளிராக, தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல இருந்தது. முதலில் நான் படுத்தேன். கழுத்தில் ஏதோ பசையைத் தடவி ஒரு சின்னக் கருவியை வைத்து நகர்த்தினார்கள், திரையில் சாம்பல் நிறத்தில் ஒரு ஓடை, அதன் இரு கரைகள். சத்தத்தைக் கூட்டிவிட்டதும் அறை முழுக்க என் ரத்தம் கேட்டது, மணல் மேல் அலை ஏறி இறங்குகிற மாதிரி, ஒரு ஈரமான உஸ், உஸ். அப்புறம் இந்திரா படுத்தாள். அதே ஓடை, அதே சத்தம், ஆனால் கரை தடித்திருந்தது, ஓரிடத்தில் வண்டல் சேர்ந்ததுபோல ஒரு மேடு, தண்ணீர் அங்கே ஒதுங்கி வளைந்து போனது. டெக்னீஷியன் அம்மாள் அளந்தார். அவளுக்கு ஒன்றைத் தாண்டி வந்தது, எனக்கு அரையும் கொஞ்சமும், எல்லாம் மில்லிமீட்டர், நகக்கண் அளவுகூட இல்லாத வித்தியாசம். எனக்கு மெல்லிசு என்று கேட்டதும் உள்ளுக்குள் ஏதோ இளகியது, அப்பாடா என்று. தங்கை பாஸ், அக்கா ஃபெயில். அந்த அப்பாடாவைக் கேட்டுவிட்டு நானே கூசிப்போனேன். யாருக்குக் கேட்டிருக்கப்போகிறது? ஆனால் இந்த இடத்தில் எல்லாவற்றையும் கேட்கிற கருவிகள் இருக்கின்றன, ரத்தத்துக்குள் ஓடுகிறதைச் சத்தமாக்கிக் காட்டுகிறார்கள். ஒரு குழாய் ரத்தத்திலிருந்து இந்தம்மா பத்து வருஷம் புகைக்குள் இருந்தாங்க என்று சொல்ல முடியும் என்றார் நிலோஃபர். அப்படியென்றால் வேறு என்னவெல்லாம் சொல்ல முடியும்? விறகடுப்பு, மரத்தூள் அடுப்பு, தீப்பெட்டி ஆபீஸின் கந்தக வாடை, இவள் புருஷன் கதிர்வேல் மச்சானின் பீடி, ராத்திரி முழுக்கப் புரட்டிப் போட வேண்டிய அப்பாவின் உடம்பு, முப்பத்தொன்பது வயதில் வந்த சுகர், நாற்பத்திரண்டில் வந்த பிரஷர், ஒவ்வொன்றாகப் பின்னால் போய்க்கொண்டே இருந்தால், கடைசியில் அடியில், எல்லாவற்றுக்கும் அடியில், என் கையெழுத்து இருக்குமா? இருக்காது. விலங்கியல் வாத்தியாரம்மா இப்படி நினைக்கலாமா? நான் கேட்டேன், டாக்டர், அந்தக் குறி விழுந்ததாலதான் அடைப்பு வந்ததா? அவர் நேர்மையாகச் சொன்னார். குறி விழுந்ததால நோயா, நோய் வந்ததால குறியா, எங்களுக்கே இன்னும் சரியா தெரியாது மேடம். பார்க்கிறதும் ரத்தத்துல இருக்கிற செல்லைத்தான், தமனிச் சுவருக்குள்ள அதே கதைதானா, அதுவும் தெரியாது. பீடியை விட்டா சில குறி நாலஞ்சு வருஷத்துல மங்கிப்போகுது, சிலது முப்பது வருஷம் ஆனாலும் அப்படியே கிடக்கு. அதனால உங்க ரெண்டு பேரைத் தனியா வச்சு நான் எதையும் சொல்ல முடியாது, நானூறு ஜோடியும் சேர்ந்தாத்தான் ஏதோ தெரியும். யாரையும் தனியாகக் குற்றம் சொல்ல முடியாது என்றுதான் அதற்கு அர்த்தம். எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். சிலது முப்பது வருஷம் ஆனாலும் அப்படியே கிடக்கு.

முப்பத்து நாலு வருஷம். காலண்டர் தாள், வைகாசி மாதத்துத் தாள், முன்பக்கம் ராகுகாலமும் எமகண்டமும், பின்பக்கம் வெள்ளை. அதை இரண்டாகக் கிழித்தது இந்திரா. நீ எழுதுடி, உன் எழுத்துதான் முத்து முத்தா இருக்கும். அவள் அப்பாவுக்குத் தண்ணீர் கொடுக்கப் போனாள். உள்ளறையில் அப்பாவின் தொண்டையில் தண்ணீர் இறங்குகிற சத்தம், பாதி உள்ளே, பாதி வெளியே, துண்டால் துடைக்கிற சத்தம். என் கை தானாக எழுதிவிட்டது என்று பல வருஷம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். தானாக எதுவும் எழுதவில்லை. முதல் தாளில் வீடு என்று எழுதினேன். பேனாவை எடுத்தேன். அந்தத் தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டேன். இரண்டாவது தாளிலும் வீடு என்று எழுதினேன், வீ, சுழியெல்லாம் சுத்தமாக, டு. இரண்டையும் ஒரே மாதிரி சுருட்டிச் சொம்புக்குள் போட்டுக் குலுக்கினேன். நீ முதல்ல எடு என்றாள் அவள். இல்ல, நீதான் மூத்தவ, நீ எடு என்றேன். எடுத்தாள், பிரித்தாள், படித்தாள். அந்த முகம் அப்போது என் முகம்தான், என் முகத்தில் அந்த வார்த்தை விழுந்ததை நான் எதிரே நின்று பார்த்தேன். ஒரு நொடிதான். சரி, நீ போ, எனக்கு எப்படியும் கணக்கு வராது என்று சிரித்தாள். சொம்பில் மிச்சமிருந்த சீட்டை யாரும் பார்க்கக் கேட்கவில்லை. எடுத்துக்கொண்டுபோய் அடுப்பில் போட்டேன். அடுப்படியில் அம்மா இருந்தாள். தாள் உடனே எரியவில்லை. சூட்டில் சுருள் பிரிந்து, விரல் விரிகிற மாதிரி மெதுவாக விரிந்து, மையெழுத்து பழுப்பில் தெளிவாகத் தெரிந்தது. அம்மா ஐந்தாம் வகுப்புவரை படித்தவள். படித்தாள். என்னைப் பார்க்கவில்லை. பக்கத்தில் கிடந்த விறகை உள்ளே தள்ளிவிட்டாள். அவ்வளவுதான். செத்துப்போகிறவரை, நாலு வருஷத்துக்கு முன் என் வீட்டில் என் மடியில் செத்துப்போகிறவரை, அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, நானும் பேசவில்லை. எங்கள் இருவருக்கும் நடுவில் அந்தத் தாள் எரிந்துகொண்டேதான் இருந்தது.

ஒன்பது ஐம்பது. இந்திரா அசைகிறாள். கண்ணைத் திறக்காமலே மாத்திரைப் பையைத் தொட்டுப் பார்க்கிறாள், இருக்கிறது. இன்னும் எவ்வளவு நேரம்டி என்று கேட்கிறாள். அரைமணிக்கு மேல இருக்கு, தூங்கு. தூங்கிட்டேன், நல்ல தூக்கம், கனவுல கூட யாரும் வரல. எழுந்து உட்கார்ந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். என் தோள் லேசாகிப்போனது, அவள் தலை இருந்த இடத்தில் காற்றுப் பட்டது. பேசாமல் இருந்துவிடலாம். இதுவரை இருந்ததுபோல. பத்து இருபத்தைந்து வரும், ஊசி குத்துவார்கள், சாத்தூர் பஸ்ஸில் அவளோடு போவேன், இன்று சனிக்கிழமை, நாளைக்கும் அவள் வீட்டில்தான் என்று சொல்லி வைத்திருக்கிறேன், சோறு போடுவாள், சாப்பிடுவேன். நிலோஃபர் மட்டும் தன் தாளில் எழுதி வைத்திருப்பார், இவர்கள் பிரிவை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை என்று. அது ஒரு அட்டவணைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். நானூறில் ஒன்று.

"இந்திரா."

"ம்."

"அந்தச் சீட்டு ரெண்டுலயுமே வீடுன்னுதான் எழுதியிருந்தேன்."

அவள் முழங்கைப் பஞ்சின் மேலிருந்த பிளாஸ்திரியின் ஓரத்தை நகத்தால் நெம்பிக்கொண்டிருந்தாள். நெம்பல் நின்றது.

"எந்தச் சீட்டு?"

"காலேஜுக்கு யார் போறதுன்னு போட்ட சீட்டு."

"ரெண்டுலயுமா?"

"ரெண்டுலயும்."

எதிரே இருந்த அம்மாளைக் கூப்பிட்டார்கள், அவர் எழுந்து போனார், செருப்புச் சத்தம் நீளமாக நடைவழியில் போய் முடிந்தது.

"நான் உன்னைத்தான் முதல்ல எடுக்கச் சொன்னேன்," என்றாள். "நீதான் மூத்தவ மூத்தவன்னு என் கைய விடச் சொன்ன."

"ஆமா."

"கெட்டிக்காரிதான்டி." குரலில் கோபமில்லை, அதுதான் என்னைப் பயமுறுத்தியது. என் பக்கம் திரும்பாமல் கேட்டாள்: "அம்மாவுக்குத் தெரியுமா?"

தெரியாது என்று சொல்ல ஒரு நொடி போதும். அம்மா போய்விட்டாள், சாட்சி இல்லை, இவளுக்கு அம்மாவாவது மிஞ்சட்டும். வாயைத் திறந்தேன். இன்னொரு சீட்டு எழுதப் போகிறேன் என்று தோன்றியது.

"இன்னொரு சீட்டை அடுப்புல போட்டேன். எரியறதுக்கு முன்னாடி விரிஞ்சுடுச்சு. அம்மா பார்த்தா."

"பார்த்துட்டு?"

"விறகைத் தள்ளிவிட்டா."

இந்திரா தன் கால்களைப் பார்த்தாள். பித்தவெடிப்பு விழுந்த குதிகால்கள்.

"தினமும் ராத்திரி அப்பாவைக் கழுவித் துடைச்சுப் படுக்கவச்சிட்டு வந்து விழுவேன். அம்மா வந்து என் காலைப் பிடிச்சு அமுக்கிவிடுவா. நீயே அடுப்புல வெந்துட்டு வந்திருக்க, விடும்மான்னு சொன்னாலும் விடமாட்டா. பதினோரு வருசம். நான் அதைப் பாசம்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்."

"பாசமாவும் இருந்திருக்கலாம்ல இந்திரா."

"இருந்திருக்கலாம்." அவள் கண் கலங்கியிருக்கவில்லை. உதடு மட்டும் உள்ளே மடங்கியிருந்தது. "இனிமே யார்கிட்டப் போய்க் கேக்குறது."

அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தத் தெரியவில்லை, முப்பத்து நாலு வருஷமாக அடைத்து வைத்தது, வந்துகொண்டே இருந்தது, உனக்குச் சுகர் வந்ததும் என்னால, பிரஷர் வந்ததும் என்னால, அந்தப் புகை, அந்தக் கந்தகம், இந்த அடைப்பு, எல்லாமே என்னாலதான், அந்த டாக்டர் பேசப் பேச எனக்கு என் எழுத்துதான் தெரிஞ்சுது, உனக்குள்ள... அவள் கையைத் தூக்கினாள். ஊசி குத்திய கை. நிறுத்தினேன்.

"போதும். என்னாலதான், என்னாலதான். அதுலயும் நீதான் முதல்ல வரணுமா? ஒரு தாளு எழுதினே, தப்பு, பெரிய தப்பு, அதை நான் பேசிக்கிறேன். ஆனா மத்ததெல்லாம் நான் இருந்த இருப்புடி. அப்பா வாயில முதல்ல திரும்ப வந்த வார்த்தை என்னன்னு உனக்குத் தெரியுமா?"

தெரியாது. அப்பா பேசியதே எனக்குத் தெரியாது.

"ஒன்பதாவது வருசம். கஞ்சி ஊட்டிக்கிட்டிருக்கேன். போதும்னாரு. கரண்டியக் கீழ போட்டுட்டேன். அப்புறம் ஒவ்வொண்ணா வந்துச்சு. தண்ணி. வெயிலு. மணி மணின்னு என் பேரு, உன் பேராவும் இருக்கலாம், ரெண்டு பேர் பேருக்கும் அதுதானே வாலு. நீ லீவுக்கு வாரப்ப வெக்கப்பட்டுக்கிட்டுப் பேசமாட்டாரு. அது மொத்தத்தையும் கேட்டவ நான் ஒருத்திதான். தீப்பெட்டி ஆபீஸுல நான் குச்சி அடுக்கின கட்டையப் பாத்துட்டுத்தான் மத்தவ அடுக்குவா. அந்த மனுசன் பீடி குடிக்கிறான்தான், ஆனா ஆஸ்பத்திரி வாசல்ல எட்டு நாள் படுத்துக் கெடந்தான். இதுல எதை நீ எழுதின? என் நெஞ்சுக்குள்ள போய் உன் பேரத் தேடிக்கிட்டு இருக்காத."

எழுந்தாள். ஜன்னல் ஓரத்தில் ஒற்றை நாற்காலி ஒன்று கிடந்தது, அங்கே போய் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். வெளியே ஒரு வேப்பமரம், அதன் நிழல் கண்ணாடியில் அசைந்து அவள் மேல் விழுந்து விலகியது. அந்த முதுகை நான் பார்த்தேன். நான் ஒருபோதும் பார்க்க முடியாத என் முதுகு அப்படித்தான் இருக்கும் என்று ஒரு காலத்தில் நினைத்திருக்கிறேன், ரவிக்கைக்கு வெளியே தெரிகிற அந்த மச்சம்வரைக்கும். இப்போது அது எனக்குத் தெரியாத ஒருத்தியின் முதுகாக இருந்தது. போதும். தண்ணி. வெயிலு. அப்பா பேசினாரா. அவர் பேசிய வருஷம் நான் எங்கே இருந்தேன், பி.எட். முடித்து முதல் வேலை, ஹாஸ்டல் மொட்டை மாடியில் தோழிகளோடு, நிலா பெரிதாக இருந்தது, வீட்டைப் பற்றி யாராவது கேட்டால் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று பேச்சை மாற்றிவிடுவேன். நான் அவளிடமிருந்து ஒரு வாழ்க்கையை எடுத்துக்கொண்டேன் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். அவளிடம் மிச்சமாக இருந்ததும் ஒரு முழு வாழ்க்கைதான் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. புகை, கந்தகம், சுகர், பிரஷர் என்று கேள்வித்தாளில் இருக்கிறமாதிரியே அவளைப் படித்துக்கொண்டிருந்திருக்கிறேன். அதே சமயம், இதைச் சொல்லியாக வேண்டும், அவள் அப்படிச் சொன்னதால் என் தப்பு ஒரு மில்லிமீட்டர்கூட மெலியவில்லை. மார்புக்குள் அது வண்டல்போல அப்படியே படிந்து இருந்தது, ரத்தம் அதைச் சுற்றி வளைந்து போய்க்கொண்டிருந்தது.

இந்திரமணி என்று கூப்பிட்டார்கள். அவள் உள்ளே போனாள். அடுத்து நான் என்பதால் நானும் எழுந்து கதவோரம் நின்றேன். நிலோஃபர்தான் குழாய்களில் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தார். இந்திரா கையை நீட்டிக்கொண்டே சொன்னாள், "டாக்டரம்மா, காலையில சீட்டுன்னு எழுதினீங்கள்ல, அதை அடிச்சிருங்க."

"ஏம்மா?"

"அது சரியான சீட்டு இல்ல. இப்பத்தான் தெரிஞ்சுது."

நிலோஃபர் நிமிர்ந்தார். அவர் பார்வை இந்திராவிடமிருந்து கதவுக்கு வந்தது, என் முகத்தில் நின்றது. நான் தலையை ஆட்டினேன். அவர் கோப்பைப் புரட்டி அந்த வரியைத் தேடி, நேராக ஒரு கோடு போட்டார்.

"அப்போ என்ன எழுதட்டும்?"

இந்திரா யோசித்தாள். ஊசி உள்ளே போனபோதுகூட முகம் மாறவில்லை. "நான் வீட்ல இருந்தேன்னு எழுதுங்க," என்றாள். அப்புறம், "இதனால எங்க ஜோடிய எடுத்துருவீங்களா?" என்று கேட்டாள். கேட்ட விதத்தில் ஒரு கவலை இருந்தது. நிலோஃபர் இல்லை என்றார், இருக்கட்டும், உண்மை எதுவோ அதுதான் எங்களுக்கு வேணும். ரத்தம் குழாயில் ஏறியது. எனக்கும் ஏறியது. இரண்டையும் ஒரே தாங்கியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள்.

வெளியே வந்து ஆட்டோ பிடித்தோம். மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்ட் போகிறவரை இந்திரா அந்தப் பக்கத்துக் கடைகளைப் பார்த்துக்கொண்டே வந்தாள், நான் இந்தப் பக்கத்துக் கடைகளைப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒரு வளைவில் ஆட்டோ சாய்ந்து அவள் முழங்கை என்மேல் இடித்தது, அவள் விலக்கிக்கொள்ளவில்லை, நேரான பிறகுதான் எடுத்தாள். கோவில்பட்டி பஸ் கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது, சாத்தூர், சாத்தூர் என்று கண்டக்டர் தட்டிக்கொண்டிருந்தார். அவள் முன்னால் ஏறினாள். இரண்டாவது படியில் நின்று மூச்சு வாங்கினாள், ஆறு மாதமாக அப்படித்தான். அவள் பையை நான் வைத்திருந்தேன். என் ஒரு கால் முதல் படியில்.

"பையக் குடு."

கொடுத்தேன்.

"நீ அடுத்த வண்டியில வா," என்றாள்.

காலைக் கீழே எடுத்து வைத்தேன். அவள் உள்ளே போய், நடுவில் ஒரு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். என்னைப் பார்க்கவில்லை. முன்சீட்டுக் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து இடம் காலியாக இருந்தது, அது எனக்கு இங்கிருந்தே தெரிந்தது. வண்டி நகர்ந்தது. நிலையத்தின் வாசலில் வேகம் குறைந்து திரும்புகிறபோது ஜன்னலிலிருந்து தலை வெளியே வந்தது, எண்ணெய் தடவிய, நரைத்த, என் தலை.

"ஏ சந்திரா!" என்று கத்தினாள். அத்தனை சத்தத்திலும் கேட்டது. "வராம இருந்துறாத!"

வெயில் ஏறிவிட்டது. இரண்டு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்த கால்கள் மரத்திருந்தன. இளநீர்க்காரர் கேட்டார், வேண்டாம் என்றேன். யாரோ நேரம் கேட்டார்கள், சொன்னேன். போய் என்ன பேசுவேன் என்று தெரியவில்லை, அவள் என்ன கேட்பாள் என்றும் தெரியவில்லை, ஒருவேளை கேட்காமலே சோற்றைப் போடுவாள், ஒருவேளை அம்மாவைப் பற்றி இரண்டு பேரும் விடிய விடியச் சண்டை போடுவோம். அடுத்த கோவில்பட்டி வண்டி வளைவில் திரும்பி உள்ளே வந்தது. அது நிற்பதற்குள் ஏறிவிட்டேன்.